மீனுக்கு மருந்து போட்டார்களா என்று மட்டும் கேட்டால் போதாது

சந்தையில் ரோகுவோ கட்லாவோ வாங்குகிறவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் சரி. கண் உள்வாங்கியிருக்கக் கூடாது, விரலால் அழுத்தினால் சதை மறுபடி எழும்ப வேண்டும். 2018-ல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் போட்ட மீன் பிடிபட்ட செய்திக்கு அப்புறம் பலர் மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்க்கிறார்கள். எல்லாம் நல்ல பழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் இங்கே எழுதப்போகிற விஷயத்தைச் செவுளும் காட்டாது, மூக்கும் சொல்லாது. தொட்டியில் துள்ளிக்கொண்டிருக்கிற உயிர் மீனிலும் அது இருக்கலாம்: ஆன்டிபயாடிக்குக்கு மசியாத பாக்டீரியா.

இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் "பண்ணைக்காரர்கள் மீனுக்கு மருந்து போடுகிறார்கள், அதனால்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதிதான். வாழ்நாளில் ஒரு துளி மருந்துகூடப் படாத மீனின் குடலிலும் இந்தப் பாக்டீரியா இருக்க முடியும், ஏனென்றால் மீன் எந்தத் தண்ணீரில் வளர்கிறதோ அந்தத் தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் தோலிலும் செவுளிலும் குடலிலும் ஏறிவிடும். ஆகவே கேள்வி தண்ணீரைப் பற்றியது. அந்தக் குளத்துக்குள் என்னவெல்லாம் வந்து சேர்ந்தது, பிடித்த மீனை எதில் கழுவினார்கள், கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மீன் சதையில் தங்கியிருக்கிற மருந்து எச்சம் வேறு, மருந்துக்கு மசியாத பாக்டீரியா வேறு. எச்சம் என்பது வேதிப்பொருள். மருந்தை நிறுத்திச் சில வாரம் விட்டால் மீனின் உடம்பிலிருந்து பெரும்பாலும் போய்விடும், ஆய்வகத்தில் அளந்தும் பார்த்துவிடலாம். பாக்டீரியா அப்படியில்லை. மருந்து போன பிறகும் அது குளத்துச் சேற்றிலும் மீன் குடலிலும் பெருகிக்கொண்டிருக்கும். எச்சச் சோதனையில் சுத்தமாகத் தேறிய மீனில் மசியாத பாக்டீரியா இருப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது. நம் ஊரில் ஏதோ கொஞ்சம் சோதனை நடக்கிறது என்றால் அது முதலாவதைத்தான் தேடுகிறது.

சரி, குளத்திலிருந்து தொடங்குவோம். சென்னையில் விற்கிற ரோகு, கட்லாவில் நிறைய ஆந்திரக் குளங்களில் வளர்ந்து, ஐஸ் போட்டு லாரியில் வருவது. அங்கே கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களுக்கு நடுவில் கொல்லேறு என்ற பெரிய நன்னீர் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றியும் அதற்குள்ளேயும் பல வருஷமாக மீன்குளம் வெட்டிக்கொண்டே போனார்கள், 2006-ல் ஏரிக்குள் இருந்த குளக்கரைகளை அரசே உடைத்துத் தள்ளியது, ஆனாலும் நாட்டில் கெண்டை மீன் அதிகம் வளர்க்கிற பகுதிகளில் அதுவும் ஒன்றாகவே இன்றைக்கும் இருக்கிறது. அங்கே தீனி போடுகிற முறையைக் கவனித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். தவிடும் பிண்ணாக்கும் கலந்த தீனியை உரச்சாக்கில் நிரப்பி, சாக்கின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளை போட்டு, குளத்துக்குள் நட்ட கழிகளில் பாதி முங்குகிற மாதிரி கட்டிவிடுவார்கள். மீன் வந்து துளைகளில் வாய் வைத்து உறிஞ்சித் தின்னும். கொட்டிவிடுவதைவிட இதில் தீனி வீணாவது குறைவு, நல்ல யோசனைதான்.

மருந்து போட வேண்டி வந்தால் அதுவும் இந்தச் சாக்குக்குள்தான் போகிறது. சிக்கல் என்னவென்றால், நோய் வந்த மீன் தின்னாது. ஒதுங்கி, மேலே வந்து மிதந்துகொண்டிருக்கும். சாக்கில் இருக்கிற மருந்துத் தீனியை நன்றாக இருக்கிற மீன்கள் தின்று தீர்க்கும், மிச்சம் தண்ணீரில் கரையும். தின்ற மீனின் உடம்பிலும் மருந்து முழுசாகச் சேர்வதில்லை. ஆக்ஸிடெட்ராசைக்ளின் மாதிரியான மருந்தைக் கெண்டை மீனின் குடல் சரியாக உறிஞ்சாது, பெரும்பகுதி கழிவோடு அப்படியே வெளியே வந்து அடிச்சேற்றில் ஒட்டிக்கொள்ளும். ஆக யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போகாத மருந்து குளத்திலிருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்கிறது. கொல்லாத அளவு. மசியாதவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

நோய் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும். குளத்தில் மீனை நெருக்கமாக விடுகிறார்கள். மீன் பேன் பிடிக்கிறது. பேன் கடித்த இடத்தில் புண், அந்தப் புண்ணில் ஏரோமோனாஸ் என்கிற பாக்டீரியா புகுந்து செதில் உதிர்ந்து சிவந்துபோகிறது. ஏரோமோனாஸ் எங்கிருந்தும் வர வேண்டியதில்லை, நன்னீர் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கும், மீன் தளரும்போது பாய்ந்துகொள்ளும். விவசாயி மருந்துக்கடைக்கு ஓடுகிறார். பக்கத்தில் மீன் மருத்துவர் இல்லை, சோதித்துச் சொல்ல ஆய்வகம் இல்லை, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் மருந்து. 1988 வாக்கில் இந்தியாவுக்குள் வந்து விராலையும் கெண்டையையும் வாரிக்கொண்டுபோன புண் நோயை நினைத்துப் பாருங்கள். அதற்கு மூல காரணம் பூஞ்சை மாதிரியான ஓர் உயிரி. அதை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. புண்ணைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக்கை அள்ளிப் போட்ட குளங்களில் நோயும் போயிருக்காது, பாக்டீரியா மட்டும் பாடம் படித்திருக்கும்.

மருந்தே போடாத குளத்துக்கு வருவோம், அங்கேதான் இந்த விஷயத்தின் கனமான பகுதி இருக்கிறது.

மீன்குளத்துத் தண்ணீர் பச்சை கட்டினால்தான் மீனுக்கு இயற்கைத் தீனி. அதற்கு எரு வேண்டும். மாட்டுச் சாணத்தோடு கோழி எருவும் போடுகிறார்கள், கோழிப்பண்ணைகள் நிறைந்த வட்டாரங்களில் அது தாராளமாகக் கிடைக்கிறது. இந்தக் கோழி எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது? என்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீராக இருக்கலாம். 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போடுகிறவரை கோலிஸ்டினும் கோழிக்கும் மற்றக் கால்நடைக்கும் சர்வசாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. கோலிஸ்டின் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்ற எதுவும் வேலை செய்யாதபோது கடைசியாக எடுக்கிற மருந்து. அதைக் கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகக் கொடுத்தோம் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. கோழியின் குடலில் பழகிய பாக்டீரியா எருவாகக் குளத்துக்குள் இறங்குகிறது. குளத்துக்காரர் ஒரு மாத்திரைகூட வாங்கவில்லை, ஆனாலும் அவருடைய மீனில் கோழிப்பண்ணையின் மருந்துச் சரித்திரம் ஏறிவிடுகிறது.

அப்புறம் சாக்கடை. ஈ.கோலை என்கிற பாக்டீரியா மனிதன், மாடு, கோழி போன்ற வெதுவெதுப்பான ரத்தம் உள்ள உயிர்களின் குடலில் குடியிருப்பது. மீன் குடல் அதன் சொந்த ஊர் கிடையாது. ஆகவே ஒரு ஜிலேபி கெண்டையைச் சோதித்து அதில் ஈ.கோலை இருக்கிறது என்று வந்தால், அந்த மீன் நீந்திய தண்ணீரிலோ கழுவிய தண்ணீரிலோ போட்டு வைத்த ஐஸிலோ யாருடைய மலமோ எதனுடைய சாணமோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் ஏரிகளில் ஜிலேபிதான் செழிக்கிறது, ஏனென்றால் சாக்கடை கலந்து ஆக்ஸிஜன் குறைந்த தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கும். வீட்டுச் சாக்கடையும் மருத்துவமனைக் கழிவும் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் ஏரியில் விழுகிற ஊரில், அந்த ஏரி மீனிடம் ஊருடைய குடல் பாக்டீரியா முழுவதையும் எதிர்பார்க்கலாம்.

மருந்துத் தொழிற்சாலைக் கழிவு இதைவிடப் பயங்கரம். ஹைதராபாத் பக்கத்தில் பட்டன்சேரு. சுமார் 90 மருந்துத் தயாரிப்பாளர்களின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கிற நிலையத்திலிருந்து வெளியே வருகிற தண்ணீரை ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் யோக்கிம் லார்சனும் கூட்டாளிகளும் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக். நோயாளியின் ரத்தத்தில் மருந்து வேலை செய்கிற நேரத்தில் இருப்பதைவிட இது அதிகம். ஒரு நாளைக்கு வெளியேறிய மருந்து சுமார் 45 கிலோ என்று கணக்குப் போட்டார்கள், அதாவது 90 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடன் நாடு ஐந்து நாளில் பயன்படுத்துகிற அளவு. அதற்கடுத்து அந்தப் பகுதி ஏரிகளிலும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அதே மருந்து இருந்தது தெரியவந்தது. தொழிற்சாலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்ட 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு விதிகளைக் கொண்டுவந்தது. 2021-ல் இறுதி விதிகள் வந்தபோது அந்த வரம்புகள் காணாமல் போயிருந்தன. கேட்க ஆள் இல்லாததால் இப்படி நடக்கிறது.

இந்தப் பாக்டீரியா மீனோடு நின்றுவிட்டால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. மீனுக்கு நோய் தருகிற பல பாக்டீரியா மனிதனின் உடம்புச் சூட்டில் அவ்வளவாகத் தழைக்காது. கவலை மரபணுவைப் பற்றியது. மருந்தை எதிர்க்கும் மரபணு பல சமயம் பாக்டீரியாவின் பிரதான டி.என்.ஏ-வில் இருப்பதில்லை, பிளாஸ்மிட் என்கிற தனி வளையத்தில் இருக்கிறது. இரண்டு பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும்போது வளையத்தின் பிரதி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஏரோமோனாஸிலிருந்து ஈ.கோலைக்கும் போகும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்து உட்கார்ந்திருந்தால், ஒரு மருந்தைப் போட்டாலே மற்ற நாலையும் சேர்த்து வளர்த்ததாகிவிடும். பாசியைக் கட்டுப்படுத்தப் போடுகிற மயில்துத்தம் என்கிற செம்பு உப்புகூட இந்த வேலையைச் செய்யும், ஏனென்றால் செம்பைத் தாங்குகிற மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்குகிற மரபணுவும் பல சமயம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கோலிஸ்டினை எதிர்க்கிற எம்சிஆர்-1 மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்று 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது, பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டுபிடித்திருந்தார்கள். 2017-ல் அதே குடும்பத்தைச் சேர்ந்த எம்சிஆர்-3 வந்தது. அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது ஏரோமோனாஸில். மீன்குளத்தில் காலங்காலமாக இருந்த ஒரு மரபணு, நாம் மருந்தைக் கொட்டிக் கொட்டி, மருத்துவமனைவரை வர வழி போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. என்டிஎம்-1 என்பது மிக வலுவான ஆன்டிபயாடிக்குகளையும் முறிக்கிற ஒரு நொதி, அதற்கான மரபணுவையும் அதே பெயரில் சொல்வார்கள், பெயரில் வருகிற என்டி நியூ டெல்லியைக் குறிக்கிறது. அதைப் பற்றி 2010-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. அப்போது பெரிய சண்டை, பெயரில் டெல்லி வரலாமா, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதியா என்றெல்லாம். அந்தச் சத்தத்தில் அடுத்த வருஷம் வந்த ஆய்வு பலர் காதில் விழவில்லை. டெல்லித் தெருக்களில் தேங்கிய தண்ணீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50-ல் 2-லும் அந்த மரபணு இருந்தது. அதைச் சுமந்த பாக்டீரியாவில் ஏரோமோனாஸ் இனமும் காலரா கிருமியும் உண்டு. மருத்துவமனைக்குள் பிறந்து அங்கேயே கிடக்கிற பிரச்சினை இது என்ற எண்ணம் அன்றைக்கே உடைந்திருக்க வேண்டும்.

சரி, சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும்? குழம்பு கொதித்தால் பாக்டீரியா செத்துவிடும். மருந்துக்கு மசியாத பாக்டீரியா சூட்டுக்கும் மசியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கு அப்படி எந்தத் தனி பலமும் கிடையாது. நன்றாக வெந்த மீனால் இந்த ஆபத்து இல்லை, மீன் சாப்பிடுவதை நிறுத்தவும் தேவையில்லை. ஆபத்து அடுப்புக்கு முன்னால் இருக்கிறது. மீன் வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்குவது, மீன் கழுவிய தண்ணீர் தெறித்த இடத்தில் சாலட் தட்டு வைப்பது, குடல் எடுத்த கையோடு குழந்தைக்கு ஒரு வாய் ஊட்டுவது. இப்படி உள்ளே போகிற ஈ.கோலை அன்றைக்கே வயிற்றுப்போக்கு தர வேண்டும் என்பதில்லை. ஒன்றும் செய்யாமல் குடலில் மாதக்கணக்கில் தங்கும், அங்கே ஏற்கனவே இருக்கிற பாக்டீரியாவுக்குத் தன் வளையத்தைக் கொடுக்கும். என்றைக்கோ சிறுநீர்த் தொற்று வருகிறபோதோ அறுவை சிகிச்சைக்கு அப்புறமோதான் மருந்து கேட்கவில்லை என்று தெரியும். அப்போது யாருக்கு மீன் ஞாபகம் வரும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கண்காணிப்பில் ஈ.கோலையில் இமிபெனம் என்கிற வலுவான மருந்துக்கு அடங்கியவை 2017-ல் நூற்றுக்குச் சுமார் 81, 2023-ல் சுமார் 63. இதில் மீனின் பங்கு இத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவமனையும் மருந்துக்கடையும் தருகிற பங்கு பெரிது. ஆனால் சாக்கடைக்கும் குளத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓடுகிற வழி திறந்தே இருக்கிறது.

மதுரைப் பக்கம் அயிரை மீனைக் குடல் எடுக்காமல் முழுசாகவே சமைப்பார்கள். அதற்காகத்தான் உயிரோடு வாங்கிப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு, வயிற்றிலிருக்கிற மண்ணைக் கக்க வைத்து, கல் உப்பு போட்டு உரசுகிறார்கள். மண் போகும், குடல் பாக்டீரியா முழுசாகப் போகாது. குழம்பு நன்றாகக் கொதிக்கிறது என்பதால் சாப்பிடுகிறவருக்குப் பயமில்லை, அந்தப் பாலைக் கொட்டிய பாத்திரத்தையும் கழுவு தொட்டியையும்தான் தேய்த்துக் கழுவ வேண்டும். மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுவதும் இப்படித்தான், வழுவழுப்பும் வாடையும் போகும், கிருமிநாசினி என்று அதை நம்பக்கூடாது. ஃபிரிட்ஜையும் ரொம்ப நம்ப வேண்டாம், ஏரோமோனாஸ் நாலு டிகிரி குளிரிலும் மெதுவாகப் பெருகும்.

பச்சையாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை சிங்கப்பூர் 2015-ல் பார்த்தது. கஞ்சிக் கடைகளில் பக்க உணவாகக் கொடுத்த பச்சை நன்னீர் மீன், பெருந்தலைக் கெண்டையும் விரால் இனத்துத் தோமானும், அதிலிருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பெரியவர்களின் ரத்தத்திலும் மூளை உறையிலும் மூட்டிலும் இறங்கியது. அந்த வருஷக் கடைசியில் கடைகளில் பச்சை நன்னீர் மீன் விற்கத் தடை போட்டார்கள். அது பென்சிலினுக்கு அடங்குகிற கிருமி. அடங்காத ஒன்று அதே வழியில் வந்தால் மருத்துவர் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் என் பயம்.

விதிகள் பக்கம் பார்த்தால் மனசு ஆறவில்லை. ஏற்றுமதி இறாலுக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் சரக்கைத் திருப்பி அனுப்பும் என்பதால் பல வகை மருந்துகளுக்குத் தடை, ஆய்வகம், கண்காணிப்பு எல்லாம் இருக்கிறது. உள்ளூர்ச் சந்தைக்கு வருகிற ரோகுவுக்கு அந்த வேகத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்ற மாதிரி எச்ச வரம்பு எழுத்தில் இருக்கிறது. மீனில் எந்தப் பாக்டீரியா எத்தனை மருந்தை எதிர்க்கிறது என்பதைப் பார்த்து அதை வைத்துச் சரக்கை நிறுத்துகிற விதி கிடையாது. இன்ஃபார் என்ற பெயரில் மீன், கால்நடை இரண்டிலும் இந்த எதிர்ப்பைக் கண்காணிக்க இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ஒரு வலைப்பின்னல் நடத்துகிறது, நல்ல முயற்சி, ஆனால் அதன் முடிவுகள் ஆராய்ச்சியாளர்களைத் தாண்டி மீன் வாங்குகிறவர் காதுவரை வருவதில்லை.

முடியாத காரியம் இல்லை என்பதற்கு நார்வே இருக்கிறது. 1987-ல் அங்கே சால்மன் பண்ணைகளில் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் போட்டார்கள். ஏரோமோனாஸ் இனத்திலேயே ஒன்று தருகிற நோய் உள்பட முக்கிய நோய்களுக்குத் தடுப்பூசி வந்தது, பண்ணைகளுக்கு நடுவே இடைவெளி விட்டார்கள், மருந்துச் சீட்டு இல்லாமல் மருந்து இல்லை என்றார்கள். பத்து வருஷத்துக்குள் அது ஒரு டன் அளவுக்கு இறங்கியது, உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. சால்மன் விற்கிற விலையில் ஒவ்வொரு மீனுக்கும் ஊசி போடக் கட்டுப்படியாகும், கட்லா விலைக்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் மருந்துச் சீட்டுக்கும் வட்டாரத்துக்கு ஒரு மீன் நோய் ஆய்வகத்துக்கும் எருவை நன்றாக மட்கவைத்துப் போடுவதற்கும் சால்மன் விலை தேவையில்லை.

கடைசியாக, இந்தப் பேச்சில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆட்கள். சந்தையில் நாள் முழுக்க அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்கிற பெண்கள். கையில் முள் குத்திய தடங்கள், நகக்கண்ணில் வெட்டு, ஒரே வாளித் தண்ணீர், உருகி வழிகிற ஐஸ் தண்ணீரில் ஊறிய கால். கனடாவின் டொரன்டோவில் 1995–96 வாக்கில் ஒன்பது பேருக்கு மீன் கிருமி ஒன்று உடம்புக்குள் புகுந்து தீவிரத் தொற்றானது, எல்லோரும் உயிர் மீனையோ அப்போதுதான் கொன்ற மீனையோ கையாண்டவர்கள், எட்டுப் பேருக்கு அதில் கையில் காயம் பட்டிருந்தது. வெட்டுகிறவர்களுக்குத் தடித்த கையுறையும், சந்தையில் ஓடுகிற சுத்தமான தண்ணீரும், குடலையும் கழிவையும் மழைநீர் வடிகாலில் தள்ளாமல் எடுத்துப்போக ஏற்பாடும் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

வீட்டிலோ சந்தையிலோ மீன் முள் குத்தியோ கத்தி பட்டோ கை வீங்கி, சிவந்து, வலி ஏறிக்கொண்டே போனால், மருத்துவரிடம் போகும்போது "நன்னீர் மீன் வெட்டும்போது பட்டது" என்று மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ஏரோமோனாஸ் இயல்பிலேயே ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகைக்கு அடங்குவதில்லை. சாதாரணக் காயம் என்று நினைத்து அதை எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் வீணாகிவிடும். மீன் என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அவர் வேறு மருந்தை யோசிப்பார், சீழை எடுத்துச் சோதனைக்கும் அனுப்புவார்.